அம்மா சொன்னது சரிதான்: நாற்காலியால் அணையும் மானிட்டர், 500 மைல் தாண்டாத மின்னஞ்சல், இன்னும் சில

ஒண்டிப்புதூரான் | ஜூன் 7, இரவு 9:40

வணக்கமுங்க. இந்த வாரம் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். முதுகுவலிக்கு நல்லது என்று ஏப்ரலில் ஒரு சுழல்நாற்காலி வாங்கினேன். கைப்பிடியைத் தூக்கினால் புஸ்ஸென்று கீழே இறங்குமே, அந்த வகை. வாங்கிய சில நாளில் மேசையில் இருக்கும் பெரிய மானிட்டர் படுத்த ஆரம்பித்தது. திடீரென்று கறுத்துப்போகும், இரண்டு நொடியில் தானாகவே திரும்பி வரும். கேபிள் மாற்றினேன். கணினியில் மானிட்டரை இயக்கும் டிரைவர் நிரலை அழித்து மறுபடி போட்டேன். பிளக்கை வேறு சுவரில் செருகிப் பார்த்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மானிட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதுக்கு விலை பார்க்கத் தொடங்கினேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே, "நீ எந்திரிக்கறப்பல்லாந்தான் அந்தப் பொட்டி கண்ண மூடுது. நானும் நாலு நாளாப் பாக்கறேன்" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்ததோடு, "ஆமாம்மா, அதுக்கு என் மேல மரியாதை" என்று நக்கல் வேறு.

மறுநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். பத்து தடவை எழுந்ததில் ஆறு தடவை மானிட்டர் அணைந்தது. உட்கார்ந்தே இருந்தால் ஒரு தடவைகூட இல்லை.

தேடினால், உலகம் முழுக்க இதே புலம்பல்! நாற்காலியின் அடியில் இருக்கும் வாயு உருளை, நாம் எழும்போது சட்டென்று நீள்கிறது. அப்போது அந்த உலோகப் பாகங்களில் நிலைமின்சாரம் ஒரு நொடியில் பாய்ந்து தீர்கிறது. அந்தத் துடிப்பை மானிட்டர் கேபிள் ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்கிறது. மானிட்டருக்கு வரும் சமிக்ஞை ஒரு கணம் குழம்பினாலும் அது முதலிலிருந்து பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டும், அதுதான் அந்த இரண்டு நொடிக் கறுப்பு. கணினியில் மானிட்டர் இணைக்கும் சாதனம் செய்கிற ஒரு நிறுவனமே இதைத் தன் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. 1993-லேயே நாற்காலி உண்டாக்கும் இடையூறு பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்!

நல்ல உறை போட்ட கேபிளாக வாங்கி, அதில் மின் இரைச்சலை அடக்கும் பெரைட் வளையம் இரண்டு மாட்டி, கேபிளை நாற்காலிக்கு எட்டாமல் மேசைக்குப் பின்னால் கட்டிவிட்டேன். இப்போது தொந்தரவு இல்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கொத்தமல்லி அடுத்த கட்டுக்குப் போய்விட்டார்.

கேள்வி இதுதான். கேட்டவுடனே "கிறுக்கா?" என்று தோன்றி, கடைசியில் நிஜமாகிப்போன கோளாறுக் கதைகள் நீங்கள் இணையத்தில் படித்தது இருந்தால் போடுங்கள்.

---

மட்டுறுத்துநர் | ஜூன் 7, இரவு 9:58

நல்ல இழை. ஒரே ஒரு வேண்டுகோள்: ஹார்வர்டு கணினிக்குள் அந்துப்பூச்சி செத்துக் கிடந்த கதையை யாரும் எடுக்கவேண்டாம். வருடத்துக்கு நான்கு முறை இங்கே வந்துவிடுகிறது.

---

லினக்ஸ்_லட்சுமி | ஜூன் 7, இரவு 10:21

எனக்கு மிகப் பிடித்தது: செவ்வாய்க்கிழமை அச்சடிக்க மறுத்த பிரிண்டர்.

2009 வாக்கில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்திய ஒருவர் எழுதுகிறார்: 'ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சு வருவதில்லை என்று என் மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்' என்று. அவரும் உங்களைப்போல முதலில் நம்பவில்லை. அப்புறம் மனைவியே ஒரு செவ்வாய்க்கிழமை செய்து காட்டினார். வரவில்லை. புதன்கிழமை அதே கோப்பு, அதே பிரிண்டர், சமர்த்தாக வந்தது.

காரணம் எங்கே கிடந்தது தெரியுமா? ஓப்பன் ஆபீஸிலும் இல்லை, பிரிண்டரிலும் இல்லை. லினக்ஸில் 'பைல்' என்று ஒரு சின்ன கட்டளை உண்டு. ஒரு கோப்பைக் காட்டினால் அதன் உள்ளே எட்டிப்பார்த்து, இது படம், இது பாட்டு, இது பிடிஎஃப் என்று சொல்லும். அதற்கென்று ஒரு அடையாளப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் எர்லாங் என்ற நிரல்மொழியின் ஒருவகைப் பழைய கோப்புக்கான அடையாளம், 'செவ்வாய், ஜனவரி 22, 14:32:44, 1991' என்ற நேரக்குறிப்பு. முழு வரியும் பொருந்தினால்தான் அது எர்லாங் கோப்பு. ஆனால் பட்டியலில் எழுதியவர் சொற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை முறையாகக் குறிக்கவில்லை. அதனால் 'பைல்' முதல் சொல்லோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் செவ்வாய்க்கு மூன்றெழுத்துச் சுருக்கம், அவ்வளவுதான் இப்போது அடையாளம்.

இனி பாருங்கள். அச்சுக்குப் போகும் கோப்பின் தலையில் அது உருவான தேதி, கிழமையோடு எழுதப்படும். செவ்வாய்க்கிழமை உருவான கோப்பில் அந்த மூன்றெழுத்து இருக்கும். 'பைல்' அதைப் பார்த்து, "இது எர்லாங்" என்று சத்தியம் செய்யும். பிரிண்டரின் நிரல், "எர்லாங்கை நான் எப்படி அச்சடிப்பது?" என்று பேசாமல் போய்விடும். மற்ற ஆறு நாளும் ஒரு சிக்கலும் இல்லை.

1991-ல் எவரோ எதற்கோ குறித்த ஒரு நேரம், 18 வருடம் கழித்து வேறு எவர் வீட்டிலோ பிரிண்டரை நிறுத்துகிறது. அந்தக் கோளாறின் தலைப்பிலேயே, செவ்வாய்க்கிழமைகளில் அச்சாவதில்லை என்று போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை வாசித்தாலே மனசு நிறைந்துவிடும்.

---

மணியோசை | ஜூன் 7, இரவு 10:34

செவ்வாய் வெறும்வாய் என்பார்களே, சும்மாவா சொன்னார்கள். 😄

---

தபால்பெட்டி | ஜூன் 7, இரவு 11:15

அப்படியென்றால் இந்த வகையின் தாத்தாவைச் சொல்லியே ஆகவேண்டும். 500 மைலுக்கு மேல் போகாத மின்னஞ்சல்.

ட்ரே ஹாரிஸ் என்பவர் 2002-ல் கணினி நிர்வாகிகளின் மடலாடற்குழு ஒன்றில் எழுதியது. நடந்தது அதற்குச் சில வருடங்கள் முன்பு. அமெரிக்காவில் வட கரோலினா பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியியல் துறைத் தலைவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்ப முடியவில்லை என்கிறார். கொஞ்சம் கூடவே போகிறது, 520 வரை, அதற்கு மேல் இல்லை என்று திருத்தம் வேறு.

நம்மூர் கணக்கில் 500 மைல் என்பது ஏறக்குறைய 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அனுப்பினால் ஹைதராபாத் போய்ச் சேரும், மும்பை சேராது. அந்த மாதிரி.

ஹாரிஸ் காபியைத் துப்பாமல் கேட்டுக்கொள்கிறார். எப்போது தெரிந்தது என்றால், சில நாளாகவே தெரியும், ஆனால் போதுமான தரவு சேரவேண்டும் என்று காத்திருந்தோம் என்கிறார் தலைவர். புள்ளியியல் ஆட்களாயிற்றே! அந்தத் துறையில் நிலவியல் புள்ளியியல் பார்க்கும் ஒருவர், எங்கெங்கே போகிறது எங்கெங்கே போகவில்லை என்று வரைபடமே போட்டுக்கொண்டிருந்தாராம்.

இவரும் ஒவ்வொரு ஊராக அனுப்பிப் பார்க்கிறார். அட்லாண்டா, வாஷிங்டன் போகிறது. 400 மைலில் பிரின்ஸ்டன் போகிறது. 600 மைலில் மெம்பிஸ் போகவில்லை. நியூயார்க் 420 மைல், போகிறது. பிராவிடன்ஸ் 580 மைல், தோல்வி. பக்கத்து ஊரிலேயே இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறார், அவருடைய மின்னஞ்சல் சேவை இருப்பது சியாட்டிலில். அதுவும் தோல்வி. ஆக ஆள் எங்கே இருக்கிறார் என்பது முக்கியமில்லை, இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதுதான்.

விஷயம் என்னவென்றால், எவரோ அந்த இயந்திரத்தின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். புதுப்பித்ததில், மின்னஞ்சல் அனுப்பும் 'சென்ட்மெயில்' 8-ஆம் பதிப்பு போய்ப் பழைய 5-ஆம் பதிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அமைப்புக் கோப்பு மட்டும் புதியதுக்கு எழுதியதே இருந்தது. பழையது அதில் இருந்த நீளமான வரிகளைப் புரியாத குப்பை என்று தள்ளிவிட்டது. தள்ளியதில் ஒன்று, எதிர்முனையில் இணைப்புக் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பது. மதிப்பு இல்லாததால் அது பூஜ்யமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்றால் நடைமுறையில் 3 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் பதில் வராவிட்டால் "ஆள் இல்லை" என்று கிளம்பிவிடும்.

3 மில்லி நொடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? 558 மைலும் சில்லறையும்!

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, காலை 6:50

காலங்காத்தால வந்து பானையை உடைப்பதற்கு மன்னிக்கவும். ஆனால் கணக்கு இடிக்கிறது.

558 மைல் என்பது வெற்றிடத்தில், ஒரு வழிக்கு. கண்ணாடியிழையில் ஒளி மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகும், நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். 3 மில்லி நொடிக்கு 600 கிலோமீட்டர் ஆயிற்றா? இணைப்புக் கிடைத்தது என்று தெரிய பதில் திரும்பி வரவேண்டும். போக 300, வர 300. ஆக எல்லை 190 மைல்கூட இல்லை. கேபிளும் காக்கா பறப்பதுபோல நேராகவா போகிறது? நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் எடுக்கும் நேரம் தனி. நியூயார்க்குக்குப் போயிருக்கவே முடியாது.

---

தபால்பெட்டி | ஜூன் 8, காலை 8:05

உங்கள் கணக்கு சரி. இதே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டு, ஹாரிஸே சலித்துப்போய்த் தனியாக ஒரு கேள்விபதில் பக்கம் எழுதினார். விருந்தில் சொல்கிற கதையாக, ஞாபகத்திலிருந்து எழுதினேன், சில விவரங்களைச் சுருக்கினேன், சிலவற்றை மாற்றினேன் என்று அதிலேயே ஒத்துக்கொள்கிறார். ஆனால் எலும்புக்கூடு அசைவதில்லை. பதிப்பு இறங்கியது, காத்திருப்பு நேரம் பூஜ்யமானது, பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போய் தூரத்தில் இருப்பவர்களுக்குப் போகாதது, இதில் எதுவும் நடக்க முடியாததில்லை. அந்த 3-ஐ 6 என்றோ 10 என்றோ போட்டுக்கொள்ளுங்கள், எல்லை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, காலை 8:11

சரி, எலும்புக்கூட்டை ஒத்துக்கொள்கிறேன். மைலை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

---

மணியோசை | ஜூன் 8, காலை 9:30

எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு ஆள் தினமும் ராத்திரி ஐஸ்கிரீம் வாங்கக் காரில் போவாராம். மற்ற எந்த ஐஸ்கிரீம் வாங்கினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், வெனிலா வாங்கினால் மட்டும் ஆகாது. கம்பெனிக்குக் கடிதம் போட்டார். எஞ்சினியர் வந்து நாள் கணக்கில் கூடவே போய்ப் பார்த்தார். வெனிலா அதிகம் விற்பதால் கடை வாசலிலேயே வைத்திருந்தார்கள், சீக்கிரம் வாங்கிவிடலாம். மற்றது வாங்க நேரமாகும். சீக்கிரம் திரும்பினால் எஞ்சின் சூடு ஆறவில்லை, பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறது. கஸ்டமர் சொல்வதை எப்போதும் மதிக்கவேண்டும் என்று கீழே போட்டிருந்தது.

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, காலை 9:41

இது சுத்தக் கட்டுக்கதை. ஆள் பெயர் இல்லை, ஊர் இல்லை, கடிதத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. கார் பெயர் ஆளுக்கு ஆள் மாறும், ஐஸ்கிரீமும் மாறும். அமெரிக்காவில் இணையம் வருவதற்கு முன்பிருந்தே உலவும் கதை. கீழே நீதி போட்டிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

---

ஹாம்ரேடியோ_தாத்தா | ஜூன் 8, காலை 10:20

கதை கட்டுதான் தம்பி, ஆனால் பெட்ரோல் ஆவி அடைப்பது கட்டு இல்லை. கார்புரேட்டர் வண்டி ஓட்டிய என் வயதுக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள். கத்திரி வெயிலில் அம்பாசடரை ஓரம் கட்டி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பாது. பானட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, இன்னொரு டீ குடிக்கவேண்டும். அப்புறம் கிளம்பும். அதனால்தான் வெனிலா கதையை எல்லாரும் நம்பினார்கள். காரணம் மெய், கதை பொய்.

மெய்யாகவே நடந்தது ஒன்று சொல்கிறேன். வேல்ஸ் நாட்டில் ஆபர்ஹோசன் என்று ஒரு சின்ன கிராமம். 18 மாதம், தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், எல்லாம் நன்றாக இருந்தது. கேபிளையே பெரிய அளவில் மாற்றினார்கள். மறுநாள் 7 மணிக்கு மறுபடி படுத்தது.

கடைசியில் அலைமாலை அளக்கும் கருவி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை 6 மணிக்குக் கொட்டுகிற மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். 7 மணிக்குக் கருவி ஒரு வீட்டைக் காட்டியது. கதவைத் தட்டினால், உள்ளே ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. வீட்டுக்காரர் தினமும் 7 மணிக்கு அதைப் போடுவார். போட்ட கையோடு அது ஒரு பெரிய மின் இரைச்சலை வாரி இறைக்கும். செம்புக் கம்பி வழியாக வரும் இணையத்துக்கு அந்த ஒரு அடி போதும். 2020-ல் இது செய்தியாக வந்தது. வீட்டுக்காரருக்கு அவமானமாகப் போய், இனி ஜென்மத்துக்கும் அதைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், கருவியோடு நடக்க 18 மாதம் ஆனதுதான். வானொலியைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் எங்கள் ஹாம் ஆட்கள் என்றால் முதல் வாரமே சைக்கிளை எடுத்திருப்பார்கள்.

---

நல்லூரான் | ஜூன் 8, பகல் 1:02

தாத்தா, உங்கட கதையைவிடப் பெரிய கூத்து ஒண்டு இருக்கு. என்ர அக்கா குடும்பம் சிட்னியில. போன முறை போகேக்க பார்க்ஸ் தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவை. ஆட்டு மந்தைக்கு நடுவில 64 மீற்றர் அகலத்தில ஒரு தட்டு நிக்குது. வானத்திலிருந்து வாற வானொலி அலைகளைப் பிடிக்கிறது. அங்க கேட்ட கதையை வந்து இணையத்தில தேடி முழுக்க வாசிச்சன்.

1998-இலிருந்தே அந்தத் தட்டில் விளங்காத சமிக்ஞைகள் இடைக்கிடை பதிவாகியிருக்கின்றன. பார்த்தால் வெகுதூர விண்வெளியிலிருந்து வருவது போலவே இருக்குமாம். ஆனால் ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் பூமிச் சமாச்சாரம்தான் என்று சந்தேகம். அவற்றுக்குப் 'பெரிட்டன்' என்று பெயர் வைத்தார்கள். மனித நிழல் விழுகிற, சிறகு முளைத்த ஒரு கற்பனை மானின் பெயர் அது. ஏன் இவ்வளவு கவலை என்றால், உண்மையிலேயே அண்டத்தின் ஆழத்திலிருந்து வருகிற வானொலி வெடிப்பு ஒன்றை 2007-இல் இதே பார்க்ஸ் பதிவுகளில்தான் கண்டுபிடித்து அறிவித்திருந்தார்கள். அதுவும் இந்த மாதிரிப் பொய்யோ என்ற கேள்வி வந்துவிட்டது.

பெரிட்டன்கள் அலுவலக நேரத்தில்தான் வந்தன. அதுவும் மதியச் சாப்பாட்டை ஒட்டி. இதைக் கேட்ட உடனே எங்கட அம்மம்மா சொல்லியிருப்பா, குசினியைப் போய்ப் பார் எண்டு.

2015-இல் எமிலி பெட்ரோஃப் என்ற ஆய்வு மாணவியும் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். இடையூறு அளக்கும் புதிய கருவி ஒன்று வைத்திருந்தார்கள். பெரிட்டன் வந்த அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு சத்தம் பதிவாகியிருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற அலைவரிசை! அடுப்புக்குள் தண்ணீர் வைத்து ஓடவிட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் நேரம் முடியும்வரை ஒழுங்காகக் காத்திருந்தார்கள். பிறகு நடுவில் கதவைத் திறந்து பார்த்தார்கள். வந்தது பெரிட்டன். பசி பொறுக்காமல், 'டிங்' சத்தம் வர முதலே கதவைத் திறப்பவர்களால்தான் இத்தனை வருடமும். கதவு திறந்த கணத்தில், அணைந்துகொண்டிருக்கும் அடுப்பிலிருந்து ஒரு துளி அலை வெளியே தப்பிவிடுகிறது.

நல்ல காலம், 2007-இல் அறிவித்த வெடிப்பு வேறு சாதி, அது அடுப்பு இல்லை என்றும் அதோடு தெளிவாகிவிட்டது.

---

ஒண்டிப்புதூரான் | ஜூன் 8, பகல் 1:30

குசினியைப் போய்ப் பார்! இனிமேல் எங்கள் டீமில் எந்தக் கோளாறு வந்தாலும் நான் சொல்லப்போவது இதுதான்.

---

லினக்ஸ்_லட்சுமி | ஜூன் 8, மாலை 4:44

சத்தத்தால் கெட்டுப்போகும் ஹார்ட் டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே?

2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் ஒரு காணொளி போட்டார். சர்வர் அறைக்குள் போய், வரிசையாக இருக்கும் டிஸ்க்குகளின் முகத்துக்கு நேரே வாயை வைத்து "ஆஆஆ" என்று கத்துவார். கத்தியதும் திரையில் ஓடும் வரைபடத்தில் டிஸ்க்கின் தாமதம் சட்டென்று ஏறும். அதிர்வில் ஊசி தடம் மாறிவிடுகிறது. ஒரு பெரிய மனிதர் இயந்திரத்தைப் பார்த்துக் கத்துவதைப் பார்க்கவே பார்க்கலாம்.

இன்னொன்று, அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சன் பாட்டு ஒன்று. மைக்ரோசாப்டின் ரேமண்ட் சென் 2022-ல் எழுதினார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு குறிப்பிட்ட பாட்டைப் போட்டால் சில மடிக்கணினிகள் செயலிழந்துவிடும். அது மட்டுமில்லை, பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு மடிக்கணினியும் படுத்துவிடும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண் ஒன்று அந்தப் பாட்டில் இருந்திருக்கிறது. அந்த மடிக்கணினியைத் தயாரித்த கம்பெனி, அந்த அதிர்வெண்ணை மட்டும் பாட்டிலிருந்து வடிகட்டி எடுக்க ஒரு துண்டு நிரல் எழுதிச் சேர்த்துவிட்டதாம். இவர் எழுதிய பிறகு, பாதுகாப்புக் குறைபாடுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் அதற்கு ஒரு எண் கொடுத்துவிட்டார்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட்ட மாதிரி.

---

எழுத்தாணி | ஜூன் 8, இரவு 7:15

பக்கத்து வீட்டு எழுத்து ஒன்று ஐபோனையே கவிழ்த்தது ஞாபகம் இருக்கிறதா? 2018 பிப்ரவரி. தெலுங்கில் 'ஞானம்' என்று எழுதும்போது வருமே, 'ஜ்ஞா', அந்தக் கூட்டெழுத்து. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறியும் சேர்ந்து ஒரு குறுஞ்செய்தியில் வந்தால், அதைத் திரையில் வரைய முயன்று செயலி செத்துவிடும். திறந்தால் மறுபடி சாகும். ஆப்பிள் 11.2.6 என்று அவசரமாக ஒரு பதிப்பு விட்டது. ஞானம் வந்ததும் போன் சமாதி நிலைக்குப் போய்விட்டது என்று அப்போது நான் எழுதிய ஜோக்குக்கு மொத்தம் இரண்டு விருப்பக்குறிகள், ஒன்று என் தம்பி போட்டது.

---

மணியோசை | ஜூன் 8, இரவு 7:40

மட்டுறுத்துநர் கோபித்தாலும் சரி, அந்துப்பூச்சி

---

மட்டுறுத்துநர் | ஜூன் 8, இரவு 7:41

கத்தரிக்கப்பட்டது. 🙂

---

அரைக்கைச்சட்டை | ஜூன் 8, இரவு 10:05

இவ்வளவு பெரிய மனிதர்கள் கூடியிருக்கும்போது என் வீட்டு வழக்கையும் வைத்துவிடுகிறேன். இது இன்னும் தீராதது.

ஊரில் அப்பா தனியாக இருக்கிறார். காலை 5:30-க்குக் குளித்துவிட்டு டிவியில் யூடியூப் போட்டு சுப்ரபாதம் கேட்பார். மே மாதம் போன் செய்து, "ஒற்றைப்படைத் தேதியில நெட் வர்றதில்லப்பா" என்றார். ஆறு மணி வாக்கில் போய், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுமாம். நான் வழக்கம்போல, "தேதியெல்லாம் மோடத்துக்கு எப்படிப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்பா பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். அரை லிட்டர், அரை லிட்டர், நெட் இல்லை. போட்டோ அனுப்பினார். மே 17-லிருந்து ஒற்றைப்படையில் மட்டும்தான். ஆள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார்.

ஜூன் பிறந்ததும் எல்லாம் இரட்டைப்படைக்கு மாறிவிட்டது. அப்பா மனம் உடைந்து, "நான் சொன்னது தப்புப்பா" என்று ஒதுங்கிவிட்டார்.

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, இரவு 10:12

மே 31-ல் போனதா? அடுத்து எப்போது?

---

அரைக்கைச்சட்டை | ஜூன் 8, இரவு 10:20

31-ல் போனது. அடுத்து ஜூன் 2.

---

குறுக்குக்கேள்வி | ஜூன் 8, இரவு 10:22

அப்படியானால் உங்கள் அப்பா சொன்னது தப்பே இல்லை. மே மாதத்துக்கு 31 நாள். அது ஒற்றையும் இல்லை இரட்டையும் இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள்!

---

ஹாம்ரேடியோ_தாத்தா | ஜூன் 8, இரவு 10:31

நெட் போகும்போது மோடத்தில் எந்த விளக்கு அணைகிறது என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு விளக்கா, எல்லாமா? அது தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி.

---

லினக்ஸ்_லட்சுமி | ஜூன் 8, இரவு 10:33

ஊரில் குழாய்த் தண்ணீர் என்றைக்கெல்லாம் வரும்?

---

அரைக்கைச்சட்டை | ஜூன் 8, இரவு 10:34

ஐயோ.

---

அரைக்கைச்சட்டை | ஜூன் 10, காலை 6:25

இப்போதுதான் அப்பா பேசினார். 5:50-க்குத் தண்ணீர் வந்திருக்கிறது. தெருவே ஒன்றாக மோட்டார் போட்டிருக்கிறது (குழாயில் நேராக மோட்டார் போடக்கூடாது என்பது வேறு விஷயம், அப்பா போடுவதில்லை, சத்தியம்). ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. மோடத்தில் எல்லா விளக்கும் மொத்தமாக அணைந்து, ஒவ்வொன்றாக வந்தது. மே 17-லிருந்துதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, விடியற்காலைக்கு மாற்றினார்களாம். அதற்கு முன் மதியம் வரும், அந்த நேரம் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

---

ஹாம்ரேடியோ_தாத்தா | ஜூன் 10, காலை 7:10

மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமாக ஓடுவதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். பத்து வீட்டில் ஒன்றாகக் கிளம்பினால் தெருக்கோடி வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். டிவி தாங்கிக்கொள்ளும், மோடத்தின் சின்ன அடாப்டர் தாங்காது. மோடத்துக்கென்றே கையடக்கமாக யுபிஎஸ் விற்கிறார்கள், ஒன்று வாங்கி நடுவில் மாட்டிவிடுங்கள். போதும்.

---

அரைக்கைச்சட்டை | ஜூன் 15, இரவு 8:50

மாட்டியாயிற்று. 12-ஆம் தேதியும் 14-ஆம் தேதியும் தண்ணீர் வந்தது, நெட் போகவில்லை. எல்லாருக்கும் நன்றி, லட்சுமி அக்காவுக்கு தனி நன்றி.

அப்பா இன்று காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அரை லிட்டர், அரை லிட்டர், நெட் உண்டு, அரை லிட்டர், நெட் உண்டு. ஏன்ப்பா இன்னும் எழுதுறீங்க என்றேன். "அடுத்து ஜூலை வருதுல்ல, பாப்போம்" என்கிறார்.